பாபினின் நாலாவது தடம்

முதலில் எனக்குத் தெரிந்தது, ஒரு சத்தம் குறைந்திருக்கிறது என்பதுதான்.

என் தையல் கடை கேம்ப் ரோடு என்கிற பெரிய சாலையின் மேலேயே, எங்கள் தெரு திரும்பும் முனையில் இருக்கிறது. தரைக்கு வழவழப்பான டைல்ஸ். அதில் பாபின் நடந்தால் நகங்கள் டக் டக் என்று சீராகக் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக மிஷினில் உட்கார்ந்து பழகிய காது என்னுடையது. ஊசி ஒரு தையலைத் தாண்டிப் போனால் துணியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பாபின் என் பின்னால் வந்தபோது அப்படித்தான் கேட்டது. மூன்று டக், ஓர் இடைவெளி. மறுபடி மூன்று டக், ஓர் இடைவெளி.

திரும்பிப் பார்த்தேன். வலது பின்காலைத் தரையில் வைக்காமல் வயிற்றோடு மடக்கிக்கொண்டு நின்றாள்.

பாபின் எங்கள் நாய். நாட்டு நாய்தான், பழுப்பு நிறம், ஐந்து வயது. குட்டியாக ஒரு மழை நாளில் கடைக்குள் வந்து மிஷினுக்கு அடியில் சுருண்டு படுத்தாள். கீழே விழுந்த பாபினை (மிஷினில் கீழ்நூல் சுற்றும் சின்ன உருளை) வாயில் கவ்விக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள். அன்றைக்கு வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முந்தின நாள் மாலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளர் சாலைக்கு அந்தப் பக்கம் ஆட்டோவில் இருந்தபடியே கையை ஆட்டி பிளவுஸைக் கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு குறுக்கே ஓடினேன். நான் எப்போதும் ஓடுகிறவள். சோறு தின்பதும் ஓட்டம்தான், துணி வெட்டுவதும் ஓட்டம்தான். எனக்குப் பின்னால் பாபினும் ஓடி வந்திருக்கிறாள். ஒரு பைக் அவளை இடித்தது. உருண்டாள், எழுந்தாள், கடைக்குள் பாய்ந்து மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். ரத்தம் இல்லை. எழுந்து ஓடியவளுக்குப் பெரிதாக என்ன ஆகியிருக்கப் போகிறது என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் கால் மடங்கியதைப் பார்த்தும் அது சுளுக்கு என்று நானே தீர்ப்பு எழுதினேன். ஆறு நாள் தைலம் தேய்த்தேன், மஞ்சள் பற்றுப் போட்டேன். உங்கள் வீட்டு நாய் அடிபட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் தயவுசெய்து என்னைப் போல் வைத்தியம் பார்க்காதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். அந்த ஆறு நாளை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஏழாம் நாள் வேளச்சேரிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். என் கணவர் செல்வம் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். காலை டிரிப் முடிந்ததும் அதே வேனில் பாபினைப் படுக்கவைத்துப் போனோம். எக்ஸ்ரேயை விளக்கு மேல் வைத்து அறுவை மருத்துவர் காட்டினார். இடுப்பு மூட்டு விலகல் (தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள குழியை விட்டு வெளியே வந்துவிடுவது).

“முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மயக்கம் குடுத்து உள்ள தள்ளிப் பாத்திருக்கலாம்மா. இப்ப குழியோட ஓரமும் உடைஞ்சிருக்கு. இனிமே உள்ள நிக்காது” என்றார்.

அவர் சொன்ன வழியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொடை எலும்பின் அந்த உருண்டைத் தலையையே அறுத்து எடுத்துவிடுவார்களாம். அந்த இடத்தில் உடம்பு தானாக ஒரு பொய் மூட்டு (எலும்போடு எலும்பு சேராமல், தசையும் தழும்பும் சேர்ந்து தாங்கும் மூட்டு) உண்டாக்கிக்கொள்ளுமாம். 

“மூட்டே இல்லாம நடப்பாளா சார்?”

“நடப்பா, ஓடவும் செய்வா. ஆனா அது என் கையில பாதி, உங்க கையில பாதி. ஆபரேஷன் முடிஞ்சு அந்தக் காலை அவ சீக்கிரம் ஊனிப் பழகணும். வலிக்கும்னு தூக்கித் தூக்கி வெச்சுக்கிட்டீங்கன்னா தழும்பு இறுகிடும், தசை சூம்பிடும். அப்புறம் அது தொங்குற கால்தான்.”

மூன்று காலில் வாழ்கிற நாய்கள் எத்தனையோ இல்லையா என்று செல்வம் கேட்டார். மருத்துவர் எக்ஸ்ரேயின் இன்னொரு பக்கத்தைத் தொட்டார். பாபினின் இடது இடுப்பும் பிறவியிலேயே கொஞ்சம் தளர்ச்சி. குழி ஆழமில்லை. முழுப் பாரத்தையும் ஆயுசுக்கும் அந்த ஒரு காலில் போட்டால் அதுவும் ஒருநாள் கைவிட்டுவிடும். எட்டு வாரம் கழித்துப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் வலது கால் தரையில் இறங்கியிருக்க வேண்டும்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தொடையில் முடி மழித்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குமேல் தையல். மருத்துவர் போட்ட முடிச்சுகள் ஒரே இடைவெளியில் இருந்தன. அந்தக் கவலையிலும் ‘நல்ல கை’ என்று நினைத்துக்கொண்டேன். தொழில் புத்தி எங்கே போகும்?

முதல் வாரம் ஐஸ் ஒத்தடம். பால் பாக்கெட்டை உறையவைத்துத் துண்டில் சுற்றித் தொடைமேல் பத்து நிமிடம் வைப்பேன். வீக்கம் வடிந்ததும் சூட்டு ஒத்தடம். அதற்கு அரிசி நிரப்பி நானே ஒரு பை தைத்தேன். அப்புறம் காலை மெதுவாக நீட்டி மடக்கும் பயிற்சி, ஒரு வேளைக்குப் பதினைந்து முறை. கடையின் டைல்ஸ் முழுக்கக் கோணி விரித்தேன், கால் வழுக்கக் கூடாது என்பதற்காக. பழைய ஜீன்ஸ் துணியில் உள்ளே பஞ்சு வைத்து, வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்குகிற பட்டை ஒன்று தைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

எல்லாம் செய்தேன். கால் மட்டும் இறங்கவில்லை. தையல் பிரித்த பிறகும் பாபின் மூன்று காலில் தத்தித் தத்தி ஓடினாள். அதில் அவளுக்கு அவ்வளவு வேகம். நாலாவது கால் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்ட மாதிரி இருந்தாள்.

மூன்றாவது வாரம் நாவலூரில் நாய்களுக்கென்று இயன்முறை சிகிச்சை (மருந்தும் கத்தியும் இல்லாமல் பயிற்சியால் உடலைத் தேற்றுவது) தருகிற ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் நிவேதா இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பாபினை நடக்கவிட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை நடக்கச் சொன்னார்.

“பாபினைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டு வாங்கக்கா, எப்பவும் போற மாதிரி.”

போய்விட்டு வந்தேன். அவர் சிரித்தார். “நீங்க நடக்கலக்கா, பறக்குறீங்க. வேகமாப் போனா அவளுக்கு மூணு கால் போதும். தத்திடுவா. மெதுவா போனாத்தான் நாலாவது கால் தேவைப்படும். பாதி வேகம் இல்ல, அதுலயும் பாதி.”

எனக்கு இது ஒரு தண்டனை. அந்த வேகத்தில் நான் பிறந்ததிலிருந்து நடந்ததே இல்லை.

அப்புறம் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பாபினை இறக்கினார்கள். அடியில் மெல்ல நகரும் பட்டை, மேலே தொடை உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீர் உடம்பின் பாரத்தைப் பாதி வாங்கிக்கொள்ளுமாம். பாபின் முதலில் என்னைப் பார்த்து ஊளையிட்டாள். பட்டை நகர ஆரம்பித்தது. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தேன்.

வலது பின்கால் இறங்கியது! தண்ணீருக்குள் விரல்கள் விரிந்து பட்டையைத் தொட்டு, பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் இருந்த லாப்ரடார் குரைக்க ஆரம்பித்துவிட்டது. செல்வம் வாசலிலிருந்து ஓடி வந்தார். “நடக்குறா! நம்ம பொண்ணு நடக்குறா!” என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். நானும் அழுதேன், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொட்டியிலிருந்து வெளியே வந்து உடம்பை உதறினாள். காலை மடக்கிக்கொண்டாள். மூன்று காலில் வேனுக்குத் தத்திப் போனாள்.

“கால் வேலை செய்யுது. இவதான் நம்ப மாட்டேங்குறா” என்றார் டாக்டர் நிவேதா. வாரம் ஒருமுறை தண்ணீர், மற்ற நாட்களில் புல்லிலோ மணலிலோ மெதுநடை. கால் புதைகிற தரையில் தத்துவது கஷ்டம், ஊனினால்தான் நிற்க முடியும்.

புல்லுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் பக்கத்தில் காலி மனை என்றால் கருவேல முள், இல்லாவிட்டால் தண்ணீர். மணல் மட்டும் இருந்தது, தெருவிலேயே, எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே. தணிகாசலம் அண்ணா மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாசலில் ஒரு லோடு மணல் கொட்டிப் பரப்பியிருந்தது.

தணிகாசலம் அண்ணாவின் குடும்பம் இந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நாங்கள் குடியிருக்கும் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் கழனி. ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிடப் பெரிது. மணலில் நாய் கால் வைத்தால் செருப்பு பறக்கும். நான் போய்க் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

“இன்னாம்மா வெளையாடுறியா? ஊர்ல கீற நாயெல்லாம் தொரத்தினு கீறேன். நீ ஒன்ன கூட்டினு வந்து வாக்கிங் உடணும்னு கேக்குற. கலவைல நாய் மூத்தரம் கலந்தா செவுரு நிக்குமா?”

“அண்ணா, அசிங்கம் பண்ண விடமாட்டேன். ஓரத்துல மட்டும். கலைஞ்சதை நானே சல்லடையில சலிச்சு விட்டுடறேன்.”

“காலு சரியாவ மணலுல நடக்கணுமா? எவன் சொன்னான்?”

டாக்டர் சொன்னார் என்றேன். அவர் பாபினைப் பார்த்தார். மழித்த தொடையையும் தழும்பையும் பார்த்தார். “காலைல கொத்தனாரு வர்றதுக்குள்ள முடிச்சுக்க. ஓரமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். 

நாலாவது வாரத்திலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்கு மணல் நடை. முன்தினம் கட்டட வேலைக்குத் தெளித்த தண்ணீரின் ஈரத்தில் தடம் அச்சாக விழும். திரும்பிப் பார்த்தால் முன்கால் இரண்டு, இடது பின்கால் ஒன்று. நாலாவது இடம் வெறும் மணல். ஒவ்வொரு நாளும் குனிந்து தேடுவேன். ஒருநாள் இரண்டு நகக் கீறல் தெரிந்தது. அன்றைக்கு முழுவதும் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தேன், மூன்று பிளவுஸ் கூடுதலாக முடிந்தது. 

நடப்பது போக அளவும் எடுத்தேன். தொடைச் சுற்றளவு கூடினால் தசை ஊறுகிறது என்று அர்த்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அளவெடுப்பதை என்னிடம் சொன்னால் விடுவேனா? அளவு நோட்டில் ‘பாபின், வலது தொடை’ என்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். அறுவைக்குப் பின் பதினொன்று. நாலாவது வாரம் பதினொன்று. ஐந்தாவது வாரம் பதினொன்றரை. ஆறாவது வாரம் பன்னிரண்டரை!

கடையிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். “ஒன்றரை இஞ்ச் ஏறியிருக்கு டாக்டர்! சதை பிடிக்குது!” என்றேன். என் கடையில் ஓரம் மடித்து ஹெம்மிங் செய்கிற கலா அக்காவும் கை தட்டினார்.

போனில் டாக்டர், “இடது தொடை எவ்வளவுக்கா?” என்று கேட்டார்.

இடது தொடையை நான் அளக்கவே இல்லை. நன்றாக இருக்கிற காலை எதற்கு அளப்பது?

அடுத்த நாள் நாவலூரில் அவர் அளந்தார். நான் அளப்பதையும் பார்த்தார். பிளவுஸுக்கு அளக்கும்போது டேப்புக்கு அடியில் ஒரு விரல் விடுவோம், துணி பிடிக்காமல் இருப்பதற்காக. பாபினுக்கும் விரல் விட்டுத்தான் அளந்திருக்கிறேன். ஒருநாள் ஒரு விரல், ஒருநாள் இரண்டு விரல். அது போகட்டும். இடது தொடையும் ஏறியிருந்தது. கழுத்து, வயிறு எல்லாம் ஏறியிருந்தது. எடை மேடையில் நிறுத்தினார்கள். பதினேழு கிலோ இருந்தவள் இருபது கிலோ.

“இது தசை இல்லக்கா, கொழுப்பு. மூணு கிலோ கூடுதல் பாரம். சரியில்லாத இடுப்பு ரெண்டும்தான் இதையும் சுமக்கணும். வீட்ல யார் என்ன குடுக்குறீங்க?”

“நீங்க சொன்ன அளவுக்கு மேல ஒரு பருக்கை குடுக்கல டாக்டர். என் மேல சத்தியம்” என்றேன். செல்வம் சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் அவ்வளவு அக்கறையாகப் படித்து நான் பார்த்ததில்லை.

அறுவை செய்த பெரிய மருத்துவரிடம் காட்ட இன்னும் பன்னிரண்டே நாள். டாக்டர் நிவேதா மறைக்காமல் சொன்னார். இந்த எடையோடு, இந்தக் காலை ஊனாமலே அவள் அங்கே போனால், இறுகிய தழும்பை விடுவிக்க இன்னொரு முறை மயக்கம் கொடுக்கவேண்டி வரலாம். அதற்குப் பிறகும் கால் வரும் என்று உத்தரவாதம் இல்லை.

வேன் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினேன். “என்ன குடுத்தீங்க?”

“ஆட்டுக்கால் சூப்பு” என்றார். “சாயங்காலம் வரும்போது ஒரு கப்பு. எலும்பு அடிபட்டா அதானே குடுப்பாங்க? சீக்கிரம் நடக்கட்டுமேன்னுதான் விமலா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையில் இறங்கியதும் இந்தக் கூத்தைக் கலா அக்காவிடம் கொட்டினேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். “நானும் குடுத்தேன் விமலா. மத்தியானம் எங்க வூட்டு சூப்பு. டிபன் பாக்ஸ் மூடில கொஞ்சூண்டு. நீ சாப்பிடப் போவ இல்ல, அப்ப” என்றார்.

அப்படியானால் காலையில்? மறுநாள் மணல் நடையில் அதற்கும் பதில் கிடைத்தது. தணிகாசலம் அண்ணா வீட்டுக் கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் பாபின் கயிற்றை இழுத்துக்கொண்டு மூன்று காலில் பாய்ந்தாள். நாங்கள் நடந்து முடித்து, நான் சல்லடை எடுக்க வீட்டுக்குள் போகும் ஐந்து நிமிடத்தில் அவள் கேட்டுக்கு ஓடுவது பழக்கமாகியிருக்கிறது. அண்ணா கையில் கிண்ணத்தோடு நின்றார். என்னைக் கண்டதும் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“நீங்களுமா அண்ணா!”

“இன்னா நானும்? சாரத்துலேர்ந்து உயுந்து காலு ஒடிஞ்சி கெடந்தேனே, மூணு மாசம், என்ன எய்ப்பி நிக்க வெச்சது இன்னான்னு நெனச்ச? இதான். உன் டாக்டரு மணலுல நடக்க சொல்றாரு. மணலு இன்னா பண்ணும்? எலும்புக்கு எலும்புதாம்மா.”

ஒரே நாயை மூன்று பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், அன்பாலேயே நொண்டியாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கிலோ, பன்னிரண்டு நாள், இடது இடுப்பின் தளர்ச்சி, வெங்காயம் போட்ட சூப்பு நாய்க்கு விஷம் என்று முந்தின நாள் போனில் டாக்டர் திட்டியது, எல்லாம். கத்தித்தான் சொன்னேன். தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. அவர் எதிர்த்துப் பேசுவார் என்று பார்த்தேன். அவரோ கிண்ணத்தை மணலில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நல்லதுன்னுதாம்மா செஞ்சேன். இப்ப இன்னா பண்றது?”

அப்போதுதான் பாபினைப் பார்த்தேன். கயிறு இறுகி நிற்கிறது. அவள் கண் கிண்ணத்தை விட்டு அகலவில்லை. நான் இழுத்தால் வராதவள், அந்தக் கிண்ணத்துக்காக எங்கே வேண்டுமானாலும் போவாள்.

மறுநாளே ஆரம்பித்தோம். சூப்பு நின்றது. அதே கிண்ணத்தில் வெந்நீர், அதில் உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று, வாசனைக்கு. நடை முடிந்தால் அது கூலி. தணிகாசலம் அண்ணா கிண்ணத்தைத் தாழப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி மணலில் பின்னோக்கி நடக்க வேண்டும். மெதுவாக. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாபினின் இடுப்புக்கு நேராக வருவேன்.

முதல் நாள் அவரும் என்னைப் போல ஓடினார். “அண்ணா, பாதி வேகம். அதுலயும் பாதி” என்றேன். கலா அக்கா கடை திறக்கும் முன்பே வந்து எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து எண்ணினார், ஓர் எட்டுக்கு மூன்று எண்ணிக்கை. வேட்டியை மடித்துக் கட்டிய அந்தப் பெரிய மனிதர், சொந்த வீட்டு மணலில் குனிந்து, “வாம்மா... வாம்மா... நிதானமா வா” என்று பின்னால் போனதைப் பார்க்கக் கொத்தனார் முதல் சித்தாள் வரை நேரத்துக்கு முன்னாலேயே வர ஆரம்பித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நாலு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் விரல் நுனி பட்டது. ஏழாம் நாள் நகக் கீறல் ஒவ்வோர் எட்டுக்கும் விழுந்தது. ஓடிப்போய்ப் போன் பண்ணவேண்டும் என்று கை பரபரத்தது. ஏற்கெனவே ஒருமுறை அசடு வழிந்தது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், இரவு முழுக்க மழை பெய்து விடிந்திருந்தது. மணல் பலகை மாதிரி சமமாகக் கிடந்தது, அதில் ஒரு தடமும் இல்லை. தணிகாசலம் அண்ணா பின்னால் நகர்ந்தார். பாபின் முன்னால் வந்தாள். கலா அக்கா எண்ணினார். நான் கீழே பார்க்கவே இல்லை, பயம். மறுகோடி போய்ச் சேர்ந்ததும் அண்ணா நிமிர்ந்தார். எங்களுக்குப் பின்னால் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது.

“யம்மா விமலா... திரும்பிப் பாரு.”

நாலு. ஒவ்வோர் எட்டுக்கும் நாலு. நாலாவது மற்றதைவிட ஆழம் குறைவுதான், சற்று வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தது. ஆனால் நகக் கீறல் இல்லை அது. நாலு விரலும் நடுவில் உள்ள சதைத் திண்டும் பதிந்த முழுத் தடம். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும்!

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. செல்வம் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நுரையோடு ஓடி வந்தார். கலா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். தணிகாசலம் அண்ணா கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓர் ஆட்டமே போட்டார். பாபின் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூலி எங்கே என்று குரைத்தாள். கொத்தனார் மண்வெட்டியோடு வந்தபோது அண்ணா அவரைத் தடுத்தார். “இந்தப் பக்கம் மணலைத் தொடாத. இன்னிக்கு ஒருநாள் அப்டியே கெடக்கட்டும்.”

எட்டாவது வார முடிவில் பெரிய மருத்துவர் பாபினை வராந்தாவில் மேலும் கீழும் நடக்கவைத்தார். எடை பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. காலை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். “இன்னொரு ஆபரேஷனுக்கு அவசியமே இல்ல. இதே வழியில போங்க. நான் வெட்டுனது என் பாதி. மீதியை யாரு செஞ்சாங்க?” என்று கேட்டார். செல்வம் என்னைக் காட்டினார். நான் தெருவையே காட்ட வேண்டியிருந்தது.

பாபின் முழுக்கப் பழையபடி ஆகிவிட்டாள் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். வலது கால் இடதைவிட அரை இஞ்ச் மெலிவு, இப்போது விரல் விடாமல் அளந்த கணக்கு. மழை நாளில் எழும்போது இரண்டு எட்டு தாங்கித் தாங்கி வைப்பாள். வேகமாக ஓடினால் பழைய ஞாபகத்தில் காலைத் தூக்கிக்கொள்வாள். நான் நின்றால் அவளும் நின்று, காலை இறக்குவாள். சூப்புக்காரர்களிடம் மட்டும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கிறேன். நீங்களும் இருங்கள், முதலில் உங்கள் வீட்டுக்குள்.

மாறியது நான்தான். இருபத்திரண்டு வருடமாக இடுப்பு என்றால் எனக்கு நோட்டில் எழுதுகிற ஓர் எண். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு. இப்போது டேப்பைச் சுற்றும்போது உள்ளே ஒரு குழியும் ஓர் உருண்டையும் இருப்பது கைக்குத் தெரிகிறது. யார் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். போன வாரம் பொத்தேரியில் படிக்கும் ஒரு பெண் சுடிதாருக்கு அளவு கொடுக்க வந்தாள். “இடது முட்டி வலிக்குதாம்மா?” என்று கேட்டேன். “எப்பிடிக்கா தெரியும்?” என்று மிரண்டு போனாள். எனக்கும் இடுப்பு உண்டு, அதில் இரண்டு மூட்டு உண்டு என்பதே நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. மிஷினைவிட்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கிறேன், இரண்டு காலிலும் சமமாக.

வீட்டிலிருந்து கடைக்கு நான் மூன்று நிமிடத்தில் வருவேன். பாபினோடு பதினைந்து நிமிடம் ஆகிறது. அந்தத் தெருவில் ஒரு மாதுளைச் செடி இருப்பது இவ்வளவு வருடம் எனக்குத் தெரியாது. ஆவணி முகூர்த்தத் துணியெல்லாம் மலையாகக் குவிந்திருந்தபோதும் அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் குறைக்கவில்லை. துணி எல்லாம் சொன்ன நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

நேற்று சாயங்காலம் சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ நின்றது. அதே வாடிக்கையாளர்தான். “சீக்கிரம் குடும்மா, நேரமாச்சு” என்று அங்கிருந்தே கையை ஆட்டினார். பையை எடுத்தேன். பாபின் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். கயிற்றை மாட்டினேன். அடிபட்ட நாளிலிருந்து அந்தச் சாலையை நாங்கள் சேர்ந்து தாண்டியதே இல்லை.

“வரோம்!” என்று குரல் கொடுத்தேன்.

ஒரு கையை நீட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு பைக் நின்றது. அதன் பின்னால் இரண்டு கார், ஒரு தண்ணீர் லாரி. எல்லாம் ஹாரன் அடித்தன. “ஓடுக்கா, சீக்கிரம்!” என்றான் பைக்கில் இருந்தவன்.

“இருப்பா” என்றேன். “நாலு கால்ல நடந்து வரா.”

அவன் குனிந்து பார்த்தான். ஹாரனிலிருந்து கையை எடுத்தான். நான் நடுச்சாலையில், வாழ்க்கையில் முதல்முறையாக, ஓடாமல் நடந்தேன். லாரி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவிலும் எனக்குக் கேட்டது, நாலு டக், நாலு டக், ஒரு தையல்கூட விட்டுப்போகாமல்.